மூன்றாம் மாடியில் பனை ஓலைப் பொங்கல்: வழி உண்டா?

மூன்றாம்மாடி | 2 ஜனவரி 2025, இரவு 10:14

எங்கள் குடியிருப்பு தாம்பரத்தைத் தாண்டி இருக்கிறது. மூன்று மாடி, இருபத்து நான்கு வீடுகள். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா எங்களோடு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை எதையும் கேட்டதில்லை. போன வாரம் கேட்டார்: "பொங்கலுக்கு ஓலை சொல்லிவிட்டாயா?"

ஓலை என்றால் காய்ந்த பனை ஓலை. எங்கள் பக்கத்தில் வாசலில் மூன்று பொங்கல் கட்டிகளை வைத்து, பனை ஓலையை எரித்துத்தான் பொங்கலிடுவோம். கட்டி என்பது அடுப்புக்கல் மாதிரி. களிமண்ணில் பிடித்துக் காயவைத்து, சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போடுவார்கள். அம்மா ஊரிலிருந்து வரும்போது அந்த மூன்று கட்டிகளையும் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு இப்போதுதான் தெரியும். (பஸ்ஸிலிருந்து மூட்டையை இறக்கியவன் நான்தான். அம்மிக்கல் என்று நினைத்தேன்.)

சிக்கல் இதுதான். மொட்டை மாடியில் தீ மூட்டக் கூடாது என்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதி. இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ விறகடுப்பு வைத்ததில் வெள்ளை ஓடுகள் நான்கு வெடித்துவிட்டன. இப்போது பாதி மாடியில் சூரிய மின் தகடுகள், மீதியில் தண்ணீர்த் தொட்டிகள். சூரியனிடம் மின்சாரம் வாங்க இடமிருக்கிறது, சூரியனுக்குப் பொங்கலிட இடமில்லை. பால்கனி நான்கடிக்கு ஏழடி. அதுவும் மேற்குப் பார்த்தது.

என் மனைவிக்குக் காஞ்சிபுரம். அவர்கள் வீட்டில் வருடக்கணக்காக எரிவாயு அடுப்பில்தான் பொங்கல். பானைக்கு மஞ்சள் கொத்து கட்டி, பால் பொங்கியதும் சன்னல் வழியாகச் சூரியனைக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். "அதுவும் பொங்கல்தானே?" என்கிறாள். தவறென்று சொல்ல முடியவில்லை. அம்மாவோ பதில் எதுவும் சொல்லாமல் கட்டிகளுக்குச் சுண்ணாம்பு வாங்கி வரச் சொல்கிறார்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வெண்கலப்பானை | 3 ஜனவரி, காலை 6:50

கும்பகோணத்துக்காரி. முப்பது வருடமாக மாம்பலத்தில் குடியிருக்கிறேன். முதலில் அடுக்களையில் முடியக்கூடியதைச் சொல்கிறேன், தீயைப் பிறகு பார்க்கலாம்.

மண்பானையை எரிவாயு அடுப்பில் வைக்கலாம். ஆனால் போகியன்று மாலை வாங்கி மறுநாள் காலை ஏற்றினால் விரிசல் விட்டே தீரும். இப்போதே வாங்குங்கள். ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறட்டும். பிறகு அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, அடுப்பிலேயே ஆறவிட வேண்டும். மூன்று முறை இப்படிப் பழக்கினால் பானை தாங்கும். வெறும் பானையைச் சூடேற்றக் கூடாது. சூடான பானையை ஈரத் தரையில் வைக்கவும் கூடாது. போன வருடம் எதிர்வீட்டில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் பானையைக் கழுவிய மேடையில் இறக்கி வைத்தார்கள். அடி தனியாக வந்துவிட்டது.

ஒரு பங்கு பச்சரிசி, கால் பங்கு பாசிப்பருப்பு, இரண்டு பங்கு வெல்லம். பாலும் தண்ணீருமாகக் கழுத்துவரை ஊற்றிப் பொங்கவிட்டு, அதிகப்படியானதை முகந்து வைத்துக்கொண்டு பிறகு அரிசியைப் போடுங்கள். வெல்லப் பாகு கடைசியில்தான். அரிசி குழைவதற்கு முன் வெல்லம் விழுந்தால் அதற்குமேல் வேகவே வேகாது, அப்படியே விறைத்து நிற்கும். இதைத் தெரியாமல் அடுப்பைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

நான் வெண்கலப் பானைக்கு மாறிவிட்டேன். மண்பானை அழகு, எனக்குப் பொறுமை குறைவு.

கணக்கன் | 3 ஜனவரி, காலை 9:22

எல்லோரும் அடிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொங்கல் பிடிக்கும். ஆனால் அறுவடை செய்தவன் கொண்டாட வேண்டியதை, நெல்லையே பார்க்காதவன் மூன்றாம் மாடியில் ஓலை கொளுத்தி நடித்துக் காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. குக்கரில் சர்க்கரைப் பொங்கல், விடுமுறைத் தூக்கம், தொலைக்காட்சிப் பட்டிமன்றம். நகரத்துப் பொங்கல் இதுதான் என்று ஒப்புக்கொண்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். சூரியன் மகரத்தில் நுழையும் நாள் என்கிறோம். நம் பஞ்சாங்கம் நட்சத்திர ஆண்டைப் பின்பற்றுகிறது. அது நாட்காட்டி ஆண்டைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். அதனால் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சங்கராந்தி தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. விவேகானந்தர் 1863இல் பிறந்தது மகர சங்கராந்தி அன்று, தேதி ஜனவரி 12. இந்த வருடம் நமக்கு 14, போன வருடம் 15. தேதியே நகரும்போது அடுப்பு நகரக் கூடாதா?

ஏரல்சந்தை | 3 ஜனவரி, பிற்பகல் 1:40

அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் என்றதும் கை தானாகத் தட்டச்சு செய்கிறது. நான் ஏரல் பக்கம். உங்கள் அம்மா கேட்பது நடிப்பு இல்லை என்று கணக்கன் அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் ஓலைக்கு ஊர்வரை போக வேண்டாம். செங்கல்பட்டுப் பக்கம் பனைக்குக் குறைவில்லை. நுங்கு விற்கிறவரிடமோ பதநீர்க்காரரிடமோ சொல்லிவைத்தால் காய்ந்து விழுந்த ஓலையைக் கட்டாகக் கட்டித் தந்துவிடுவார். மரத்தை வெட்டத்தான் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், விழுந்த ஓலைக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள். மட்டையைத் தனியாக நறுக்கி எடுத்துவிடுங்கள், அது புகையும். எங்கள் வீட்டில் இரண்டு பானைக்கு முப்பது ஓலையாவது ஆகும்.

ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். பனை ஓலை விறகு மாதிரி நின்று எரியாது. சடசடவென்று பிடித்து, எண்ணி முடிப்பதற்குள் சாம்பலாகிவிடும். கீழே ஒருவர் உட்கார்ந்து ஓலையை மடித்து மடித்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றபடி பானையைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. எங்கள் ஆச்சி தனியாக இருந்த வருடங்களில் ஓலையை விட்டுவிட்டுச் சுள்ளிக்கு மாறியதே இதனால்தான்.

கிழங்கு வாங்கிவிட்டீர்களா? சிறுகிழங்கு இல்லாமல் உங்கள் அம்மாவுக்குப் பொங்கல் குழம்பு இறங்காது. தோல் உரிக்கக் கத்தி வேண்டாம். சாக்கில் போட்டுத் தரையில் ஓங்கி நாலு அடி, பிறகு நன்றாகத் தேய்ப்பு. கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொங்குக்காற்று | 3 ஜனவரி, இரவு 8:05

எங்களுக்குப் பொங்கல் தொடங்குவதே அடுப்பில் இல்லை, கூரையில். கோபிசெட்டிபாளையம் பக்கம் போகியன்று மாலை காப்புக் கட்டு. வேப்பிலை, மாவிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ நாலையும் சேர்த்துக் கட்டி வீட்டு முகப்பு, மாட்டுக் கொட்டகை, கிணற்றடி, வயல் என்று செருகிக்கொண்டே போவோம். வண்டி, டிராக்டருக்கும் உண்டு.

சென்னைக்கு வந்த முதல் வருடம் ஆவாரம்பூ தேடி அலைந்தேன். பூக்கடைக்காரர் சாமந்தியைக் காட்டி "இதுவும் மஞ்சள்தானே" என்றார். கடைசியில் ரயில் பாதை ஓரத்தில் பூளைப்பூ கிடைத்தது. வெள்ளை வெள்ளையாக, யாரும் திரும்பிப் பார்க்காத களைச்செடி. இப்போது வருடாவருடம் அதே இடம். எங்கே என்று சொல்ல மாட்டேன், நீங்கள் எல்லாம் வந்துவிடுவீர்கள்.

மாட்டுப் பொங்கலை நாங்கள் பட்டிப் பொங்கல் என்போம். மாடில்லாத வீட்டில் என்ன செய்வது என்று என் மகன் கேட்டான். இரு சக்கர வாகனத்தைக் கழுவிப் பொட்டு வைத்தோம். கணக்கன் இதையும் நடிப்பு என்பார். மகன் அதற்குக் கரும்புத் தோகை ஊட்டப் பார்த்தது நடிப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

புகைமணி | 4 ஜனவரி, அதிகாலை 3:30

நான் இலண்டனில் இருந்து எழுதுகிறேன். பிறந்தது யாழ்ப்பாணம், வலிகாமம் பக்கம்.

ஊரில் விடிய முதலே முற்றத்தை மெழுகி, உலக்கையை வைத்து மாவால் நேர்கோடு இழுத்துச் சதுரமாகக் கோலம் போடுவோம். அதற்குள்ளே அடுப்பு. பால் பொங்கும்போது வெடி கொளுத்துவோம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது புதுமையாக இருக்கும், எங்களுக்கு வெடி தீபாவளிக்கு மட்டும் உரியதில்லை. பொங்கல் சோற்றை நாங்கள் புக்கை என்போம். அதில் பயறு, தேங்காய்ப்பால், முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) எல்லாம் போடுவோம்.

இங்கே நான் குடிவந்த முதல் தைப்பொங்கலுக்குச் சமையலறையில் பானையை வைத்தேன். சாம்பிராணியும் கொளுத்தினேன். பால் பொங்குவதற்கு முன் புகை எச்சரிக்கைக் கருவி பொங்கிவிட்டது. கட்டடம் முழுவதும் இரவு உடையோடு வெளியே இறங்கி நின்றார்கள். தை மாதக் குளிர் இங்கே எப்படி என்று சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து மின்னடுப்பு, சாம்பிராணி இல்லை, சன்னல் திறப்பு. சூரியன் எட்டு மணி அளவில்தான் எழும், எழுந்தாலும் முகம் காட்டும் என்று நிச்சயம் இல்லை. இந்த வருடம் செவ்வாய்க்கிழமை, வேலை நாள். பானையில் பால் ஏறும் நேரம் பிள்ளைகள் பள்ளிப் பையோடு நிற்பார்கள். ஒரு வாய் ஊட்டிவிட்டு அனுப்புவேன்.

மூன்றாம்மாடி, உங்களிடம் கட்டி இருக்கிறது, ஓலை கிடைக்கிறது, விடுமுறையும் இருக்கிறது. மாடி தான் இல்லை. தரை இருக்கும் அல்லவா?

டெல்டாக்காரன் | 4 ஜனவரி, காலை 11:15

கணக்கன் அண்ணனுக்கு. அறுவடை செய்தவன் கொண்டாட வேண்டும் என்றீர்கள். நான் மன்னார்குடி பக்கம், சம்பா போட்டிருக்கிறேன். பொங்கலன்று என் வயலில் நெல் நிற்கும், அறுப்பு முடிந்திருக்காது. மேட்டூர் திறப்பு, மழை, விதைத்த நாள் எல்லாவற்றையும் பொறுத்தது அது. தை பிறந்து இரண்டு மூன்று வாரம் கழித்து அறுவடை இயந்திரத்துக்காக வரிசையில் காத்திருந்த வருடங்கள் உண்டு. ஆகவே எங்கள் வீட்டுப் பானையில் கடை அரிசிதான் வேகிறது. ரேஷனில் கொடுக்கிற ஒரு கிலோ பச்சரிசியும் சேரும்.

ஆனால் அப்பா ஒன்று செய்வார். போகியன்று வயலில் முற்றிய கதிராகப் பார்த்து ஒரு கை அறுத்து வருவார். அம்மா அதைக் கசக்கி, உரலில் குத்தி, ஒரு பிடி அரிசி எடுப்பார். பாதி நொய்யாகத்தான் இருக்கும். அந்த ஒரு பிடி கடை அரிசியோடு பானைக்குள் போகும். சாப்பிடும்போது எது எது என்று யாருக்குத் தெரியும்? அப்பாவுக்குத் தெரியும் என்று அவர் சொல்வார்.

இதை நடிப்பு என்றால் நானும் நடிகன். செங்கரும்பு மட்டும் இந்த வருடம் பக்கத்து வயல் ஆள் நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டார். பத்து மாதம் சோகை உரித்துக் காத்த கரும்பு அது. நீங்கள் கோயம்பேட்டில் பேரம் பேசும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கன் | 4 ஜனவரி, பிற்பகல் 12:02

ஒரு பிடி நொய்யிடம் தோற்றுவிட்டேன். வயலைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தேதியைப் பற்றிச் சொன்னது நிற்கிறது.

மூன்றாம்மாடி | 6 ஜனவரி, இரவு 11:30

எல்லோருக்கும் நன்றி. ஓலை கிடைத்துவிட்டது. கேளம்பாக்கம் போகும் வழியில் நுங்கு விற்பவர் ஒருவர் இரண்டு கட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். மண்பானையும் ஊறிக்கொண்டிருக்கிறது. புகைமணி சொன்னபடி தரையைப் பார்த்தேன். நுழைவாயிலை ஒட்டி விருந்தினர் வண்டி நிறுத்தும் இடம் ஒன்று இருக்கிறது, கிழக்குப் பார்த்தது. சங்கச் செயலாளரிடம் கேட்டேன். "மாடியில்தான் தடை, கீழே பற்றி விதியில் எதுவும் இல்லை" என்றார். சம்மதமா இல்லையா என்று புரியவில்லை. சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் பதிவில் ஒன்றைச் சொல்லவில்லை. 2023 நவம்பரில் அப்பா இறந்தார். அதனால் போன வருடம் பொங்கல் இல்லை. ஆக, இது இரண்டு வருடத்துக்குப் பிறகு வருகிற பொங்கல். இன்று மாலை அம்மாவிடம் "இடம் கிடைத்துவிட்டது, நீங்கள் பானை வையுங்கள்" என்றேன். "நான் வைக்கக் கூடாது. அவள் வைக்கட்டும். நான் தள்ளி நின்று பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ஓலை வேண்டும், கட்டி வேண்டும், கிழங்கு வேண்டும் என்று அத்தனையும் கேட்டவர் பானையைத் தொட மாட்டேன் என்கிறார். என் மனைவிக்கு ஓலை அடுப்பில் பழக்கமே இல்லை. எங்கள் வீட்டில் நாற்பத்தைந்து வருடம் பானை வைத்தவர் அம்மா.

என்ன சொல்வது?

கணக்கன் | 7 ஜனவரி, காலை 7:10

நேராகச் சொல்லுங்கள். கணவர் இல்லாத பெண் பானை தொடக் கூடாது என்று எந்தச் சூரியன் சொன்னது? உட்காரவைத்து விளக்குங்கள். படித்த குடும்பம்தானே.

ஏரல்சந்தை | 7 ஜனவரி, காலை 7:45

விளக்கினால் கேட்கிற வயதா? எங்கள் சித்தி இப்படித்தான். "ஊர் என்ன சொல்லும்" என்பார். ஊர் எங்கே, அவர் இருப்பது பெங்களூர்! ஊர் ஆளுக்குள்ளே குடியேறிவிடுகிறது அண்ணாச்சி, எங்கே போனாலும் கூடவே வரும்.

வெண்கலப்பானை | 7 ஜனவரி, காலை 8:20

என் கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது, ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

வாதாடாதீர்கள். வாதாடினால் அவர் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லியாக வேண்டும், சொன்னபிறகு அதிலிருந்து இறங்க முடியாது. முதல் பொங்கலுக்கு நானும் அடுக்களை வாசலில் நின்றுகொண்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான். என் மருமகள் எதுவும் பேசவில்லை. அரிசி கொதிக்கிறபோது "அத்தை, எனக்குப் பதம் தெரியவில்லை, வந்து பாருங்கள்" என்று கரண்டியை நீட்டினாள். அவளுக்குப் பதம் நன்றாகத் தெரியும். எனக்கும் அது தெரியும். போய்ப் பார்த்தேன், பிறகு திரும்பி வாசலுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் நானே பானையை எடுத்து வைத்தேன், அதைப் பற்றி இன்றுவரை யாரும் பேசியதில்லை.

உங்கள் மனைவிக்கு உண்மையாகவே தெரியாது என்பது இன்னும் வசதி.

புகைமணி | 7 ஜனவரி, பிற்பகல் 2:15

இதை வாசித்துவிட்டுக் கொழும்பில் இருக்கும் என் அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன். விசேஷமாக எதுவும் கேட்கவில்லை, பொங்கலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று மட்டும்.

கொங்குக்காற்று | 10 ஜனவரி, இரவு 9:40

தீயைப் பற்றி நடைமுறை யோசனை ஒன்று. கொத்தனார் வைத்திருக்கும் பெரிய இரும்புச் சாந்துச் சட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, நாலு விரல் உயரத்துக்கு மணல் நிரப்பி, அதன்மேல் கட்டிகளை வையுங்கள். சட்டி சிறிதாக இருந்தால் தகரத்தை விரித்து மணல் போடுங்கள். சூடு தரைக்கு இறங்காது. பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். காற்றில் எரிந்த ஓலைத் துண்டு பறக்கும், நிறுத்தியிருக்கும் வண்டிகளைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

போகிக்கு எதையும் எரிக்காதீர்கள் என்றும் சொல்லிவைக்கிறேன். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது. டயரைக் கொளுத்துவது எந்த ஊர் மரபு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

டெல்டாக்காரன் | 10 ஜனவரி, இரவு 10:02

மெத்தையைக் கொளுத்துகிறவனைக் கண்டால் எனக்கு இன்னும் எரிச்சல். பழைய பாயைக் கொளுத்தினார்கள், ஏனென்றால் அது கோரை. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் பாய்.

மூன்றாம்மாடி | 16 ஜனவரி, மாலை 5:20

நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

விடியற்காலை ஐந்தரைக்குத் தரையைக் கழுவி என் மகள் கோலம் போட்டாள். ஒன்பது வயது, மயில் போடுகிறேன் என்று தொடங்கிக் கோழியில் முடித்தாள். சாந்துச் சட்டி சிறிதாகிவிட்டதால் தகரம், மணல், அதன்மேல் கட்டிகள். அம்மா சுண்ணாம்பு அடித்துக் காவி இட்டு, புதிதுபோல் ஆக்கி வைத்திருந்தார். விளக்கு, நிறைநாழி, கிழங்கு வகைகள், கரும்பு எல்லாவற்றையும் எங்கெங்கே வைக்க வேண்டும் என்று விரலை நீட்டிச் சொன்னார். சொன்னபடி பத்தடி தள்ளிப் போய்த் தூணோரம் நின்றுகொண்டார்.

மனைவி பானையை ஏற்றினாள். நான் ஓலையைப் பற்றவைத்தேன். ஏரல்சந்தை சொன்னது அப்போதுதான் உறைத்தது. பிடித்த வேகத்தில் அணைந்தது. நான் அடுத்த ஓலையை மடிப்பதற்குள் அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. மறுபடி பற்றவைத்தேன், மட்டையோடு சேர்த்துத் தள்ளிவிட்டேன், புகை கிளம்பியது. மனைவிக்குக் கண்ணில் தண்ணீர், எனக்கு இருமல். பால் சூடாகக்கூட இல்லை. முதல் மாடி வீட்டில் யாரோ சன்னலைச் சாத்தினார்கள்.

"அடியில் திணிக்காதே. நுனியைக் கொடு" என்று தூணிலிருந்து குரல் வந்தது. கொடுத்தேன். "அப்படி இல்லை." மீண்டும் கொடுத்தேன். "இரண்டாக மடி." மடித்தேன். "தள்ளு."

எந்த நேரத்தில் வந்தார் என்று நான் பார்க்கவில்லை. என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு முறைகூடத் தீ அணையவில்லை. ஒரு கையில் எரிகிற ஓலை, மறுகையில் மடித்த ஓலை, கண் மட்டும் பானையின் கழுத்தில். என் மனைவி மேலே நின்று கிண்ட, அவர் கீழே இருந்து "இப்போது பால் ஏறும் பார்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஏறியது. வடக்குப் பக்கமாக வழிந்தது. இரண்டாம் மாடியில் இருக்கும் இராமநாதபுரத்து அக்கா ஒருவர், எங்களோடு இதுவரை பேசியதுகூட இல்லை, பால்கனியில் இருந்தபடியே குலவையிட்டார். மகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியதில் யாரோ வண்டியின் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. அது தற்செயல் என்கிறாள் மனைவி.

வெண்கலப்பானை அம்மாவுக்கு: "பதம் தெரியவில்லை" என்று சொல்வதற்கு என் மனைவி தயாராகத்தான் இருந்தாள். சொல்ல நேரமே வரவில்லை. இரண்டாவது பானையை ஏற்றும்போது மணல் சரிந்து கட்டி ஆடியது. அம்மா இறக்கி, மணலைச் சரிசெய்து, தாமே தூக்கி வைத்தார். நாங்கள் இருவரும் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் காவலாளி ஒடிசாக்காரர். அவர் ஊரிலும் அன்று சங்கராந்திதான். புது அரிசியை வேகவைக்காமல் ஊறவைத்து இடித்து, வெல்லம், வாழைப்பழம், தேங்காய், பால் சேர்த்துப் பிசைந்து சாமிக்குப் படைப்பார்களாம், அதற்கு மகர சாவுல் என்று பெயர் என்றார். "நெருப்பே வேண்டாமா?" என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்களா?" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை.

சிறுகிழங்கு தாம்பரத்தில் கிடைத்தது, விலையைக் கேட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பனங்கிழங்கும் கிடைத்தது. குழம்பு அருமை.

குறை ஒன்று. தகரத்துக்கு வெளியே வழிந்த பாலும் கரியும் சேர்ந்து தரைக் கல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வட்டம் விழுந்துவிட்டது. சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை தேய்த்தேன், போகவில்லை. சங்கக் குழுவில் செயலாளர் அதைப் புகைப்படம் எடுத்துப் போட்டு, கீழே வெறும் கேள்விக்குறி மட்டும் இட்டிருக்கிறார். யாருக்காவது வழி தெரியுமா?

கணக்கன் | 16 ஜனவரி, மாலை 6:05

பால் வடக்கே வழிந்ததற்குக் காரணம் தரையின் சாய்வு. மற்றபடி மகிழ்ச்சி.

வெண்கலப்பானை | 16 ஜனவரி, மாலை 6:30

மணல் சரிந்த மகராசி வாழ்க.

கறைக்குச் சோப்புத்தூள் எதற்கு? எரிந்த ஓலைச் சாம்பலைச் சலித்து, ஈரத் தேங்காய் நாரில் தொட்டுத் தேயுங்கள். நான் பானை விளக்குவது அப்படித்தான். பால் பிசுக்கு முதலில் போகும், கரி பின்னால் போகும்.

ஏரல்சந்தை | 16 ஜனவரி, இரவு 7:12

அண்ணாச்சி, மகள் இருக்கிறாள் என்கிறீர்கள், அப்படியென்றால் கட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிடாதீர்கள். சிறுவீட்டுப் பொங்கல் பாக்கி இருக்கிறது. மார்கழிக் கோலத்தில் பூசணிப்பூ செருகிய சாணியைத் தட்டிக் காயவைத்திருக்க மாட்டீர்கள், பரவாயில்லை. வாசலில் மண்ணால் சின்ன வீடு கட்டி, அறை பிரித்து, அதற்குள் பிள்ளைகளே பொங்கலிட வேண்டும். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம்மாடி | 17 ஜனவரி, காலை 8:48

சாம்பல் இல்லை. முழுவதையும் அம்மா நேற்றே நுழைவாயில் செம்பருத்திச் செடிகளுக்குப் போட்டுவிட்டார். மட்டை நான்கு மிச்சம் இருக்கிறது, அதை எரித்துப் பார்க்கிறேன்.

சிறுவீட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. காலையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு காவலாளியிடம் போய், பக்கத்தில் எங்கே களிமண் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆனால் ஒரு சாக்கு மண் மாடிப்படிக்குக் கீழே வந்து இறங்கியிருக்கிறது. செயலாளரிடம் இதற்கு எப்படி அனுமதி கேட்பது என்று தனி இழை ஒன்றைத் தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.